அழகைச் சொல்லும் சொற்களின் எடை

திருமழிசைக்கு மகீசாரக்ஷேத்திரம் என்று இன்னொரு பெயர் உண்டு. தவம் செய்வதற்கு உலகில் தகுந்த இடம் எது என்று பிருகு முதலிய முனிவர்கள் நான்முகனிடம் கேட்டார்களாம். அவர் தேவதச்சனை அழைத்து, ஒரு தட்டில் இவ்வூரையும் மறுதட்டில் பூமியின் ஏனைய தலங்களையும் வைத்து நிறுக்கச் சொன்னாராம். இவ்வூர் இருந்த தட்டே தாழ்ந்தது என்கிறது தலபுராணம். பூவிருந்தவல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில், தொழிற்பேட்டையின் கூடங்களையும் லாரிகளையும் கடந்து போகிறவர்களுக்கு அந்தத் தராசு நினைவில் எழ வாய்ப்பில்லை. ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லை வைத்து நிறுத்துப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டுவிட்ட நமக்கு மட்டும் அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அண்மைக் காலமாக நாம் நிறுத்துப் பார்ப்பவை அழகைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்கள். ஸ்பானிய மொழியிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க முனையும் எவரும் முதல் பத்துப் பக்கங்களுக்குள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். எர்மோஸோ, பெய்யோ, போனிதோ, லிந்தோ, குவாப்போ, ப்ரெஸியோஸோ என்று அங்கே ஆறேழு அடைமொழிகள் புழங்குகின்றன. நமக்கு வந்து சேர்ந்த லத்தீன் அமெரிக்க எழுத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆறில் பாதி அங்கேயே ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. தமிழுக்கு வரும்போது எல்லாம் ‘அழகான’ என்றாகிவிடுகிறது. இது சொல்வளம் பற்றிய குறை மட்டுந்தானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா என்பதே நம் கேள்வி. அதற்கு விடை தேட, ஸ்பானியத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத திருமழிசையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான்முகன் திருவந்தாதியையும் திருச்சந்த விருத்தத்தையும் பாடிய திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் இது. பிறந்தவுடன் பிரப்பம் புதரில் விடப்பட்ட குழந்தையை, பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன் என்பவர் எடுத்து வளர்த்ததாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்த நூல்களுள் புகழ்பெற்ற ஆறாயிரப்படியை எழுதியவரின் பெயரே பின்பழகிய பெருமாள் ஜீயர். முன்னழகைப் பாடாதார் இல்லை. பின்னழகுக்கென்று தனியே ஒரு பெயர் வைத்த மரபு அது. திருவரங்கத்தில் அழகிய மணவாளன், மாலிருஞ்சோலையில் கள்ளழகர், நாகையில் சௌந்தரராஜன், திருக்கோட்டியூரில் சௌமிய நாராயணன் என்று ஊருக்கு ஊர் அழகை வெவ்வேறு சொல்லால் அழைத்தவர்கள் அவர்கள்.

அந்த மரபே ஆழ்வாரைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. அவர் காஞ்சியில் திருவெஃகாவில் இருந்த காலத்தில், ஒரு முதியவள் நாள்தோறும் அவர் இருந்த இடத்தைப் பெருக்கி மெழுகித் தொண்டு செய்துவந்தாள். என்ன வேண்டும் என்று ஆழ்வார் கேட்க, இந்தத் தொண்டைத் தொடர்ந்து செய்ய இளமை வேண்டும் என்றாள். இளமையும் பேரழகும் பெற்றாள். பல்லவ அரசன் அவளைக் கண்டான், மணந்தான். காலம் போக அவன் மூத்தான், அவள் மூக்கவில்லை. காரணம் அறிந்த அரசன் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை அழைத்து, உன் ஆசாரியரை இங்கே கூட்டி வா என்றான். அவர் வரமாட்டார் என்றான் கணிகண்ணன். அப்படியானால் நீ என்னைப் பாடு என்றான் அரசன். மானிடரைப் பாட மாட்டேன் என்று அவன் மறுத்தான். நகரைவிட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. சீடன் புறப்பட, குரு உடன் புறப்பட்டார். குரு கேட்டுக்கொண்டபடி, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்னே போனார். காஞ்சி இருண்டது. அரசன் ஓடிச்சென்று பணிந்த பிறகே மூவரும் திரும்பினார்கள்.

இக்கதையைப் பக்தியின் பெருமைக்குச் சான்றாகவே சொல்வது வழக்கம். சொற்களின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் அதில் வேறொன்றையும் காணக்கூடும். அரசனுக்கு அழகு கிடைத்துவிட்டது. அடுத்து அவனுக்குத் தேவைப்பட்டது சொல். அவனிடம் படை இருந்தது, நகரம் இருந்தது, அந்தப் பெண்ணும் இருந்தாள். தன்னை அழகாகச் சொல்லும் நாக்கு மட்டும் அவனிடம் இல்லை. அதை வைத்திருந்தவன் தர மறுத்தான்.

தர மறுக்கப்பட்ட அந்தப் பொருள் எத்தனை வளமானது என்பதை ஒரு முறை பார்த்துவிடலாம். எழில் என்பதை எழுதலோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறோம். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் அழகு. பொலிவில் களத்து நெற்குவியலின் பொலி இருக்கிறது. கவின் என்பது பிரிவில் வாடிப் போகக்கூடிய புதுமை. மாமை என்பது மாந்தளிர் நிறம். சங்கப் பாடல்களில் அது நிறத்தின் பெயராகவும் அழகின் பெயராகவும் ஒருங்கே நிற்கிறது. கருநிறத்தவளை மாயோள் என்று விளிப்பது அங்கே புகழ்ச்சி. நலம் என்றாலும் அழகுதான். நன்மையிலிருந்து அழகுக்கு வந்த சொல் அது. வடிவு என்பதை நாம் உருவம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். ஈழத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் அழகுக்கு அதுவே பெயர். தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் அம்மை முதல் இழைபு ஈறான எட்டையும் உரையாசிரியர்கள் வனப்பு என்றார்கள். அந்த எட்டில் ஒன்றின் பெயர்தான் அழகு. முருகு என்ற சொல்லை எடுத்து, மணமும் இளமையும் கடவுள் தன்மையும் அழகும் அதில் அடங்கும் என்று ஒரு நூலையே எழுதினார் திரு.வி.க. ‘முருகன் அல்லது அழகு’ என்ற அந்நூலின் ஆசிரியர் பிறந்த துள்ளம், போரூருக்கு அருகே, திருமழிசை வட்டாரத்திலேயே இருக்கிறது என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஸ்பானியச் சொற்களுக்கும் இதுபோல் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. எர்மோஸோ லத்தீனில் உருவத்தைக் குறிக்கும் ‘ஃபோர்மா’விலிருந்து வந்தது, ஈழத்து வடிவுக்கு நேர் உடன்பிறப்பு. கடலிலிருந்து தைவானைக் கண்ட போர்த்துக்கேயர் அதற்கு ஃபோர்மோஸா என்று பெயரிட்டதும் இதே வேரிலிருந்துதான். பெய்யோ, போனிதோ இரண்டும் நன்மையைக் குறிக்கும் சொல்லின் செல்லக் குறுக்கங்கள். நம் நலத்துக்கு உறவு. லத்தீனில் பெய்யோவின் மூதாதையைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே சொன்னார்கள். வளர்ந்த ஆணுக்குச் சொன்னால் அது கேலி. ப்ரெஸியோஸோ விலையிலிருந்து பிறந்தது. குவாப்போவின் வேர் புளித்துப்போன திராட்சைமது என்பர். அது போக்கிரியைக் குறித்து, துணிச்சல்காரனைக் குறித்து, பிறகே அழகனைக் குறிக்க வந்தது. ஒயிலும் சாதுரியமும் உள்ளவரை அங்கே உப்புள்ளவர் என்பார்கள். வடமொழியின் லாவண்யமும் உப்பாகிய லவணத்திலிருந்து பிறந்ததே. ஊடலுக்கு உப்பை உவமை சொன்ன வள்ளுவரைப் படித்த நமக்கு இது விநோதமாகத் தோன்றாது.

இந்தச் சொற்களை ஓர் எழுத்தாளர் எப்படிப் பிரித்து ஆள்கிறார் என்பதற்குக் கார்சியா மார்க்கேஸ் நல்ல உதாரணம். 1967இல் வெளியான ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில், விரிப்புகளோடு விண்ணேறிப் போகும் ரெமேதியோஸுக்கு அவர் தரும் பட்டம் ‘பெய்யா’. தேவதைக் கதைகளின் உறங்கும் அழகிக்கு உரிய அடைமொழி அது. அவளைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுகிறது; கோட்டைத் தாண்டிய ஆண்கள் மாண்டுபோகிறார்கள். அடுத்த ஆண்டில் எழுதிய சிறுகதையில், கரையொதுங்கிய மூழ்கிய மனிதனுக்கு அவர் தேர்ந்த சொல் ‘எர்மோஸோ’. எந்தச் சட்டையும் பொருந்தாத, எந்தக் கட்டிலும் கொள்ளாத அந்தப் பேருருவுக்கு, உருவத்திலிருந்து பிறந்த சொல்லே பொருந்தியது. இரண்டையும் ‘அழகான’ என்று பெயர்த்தால் கதை புரிந்துவிடும். கோடும் உருவமும் மறைந்துவிடும்.

லிந்தோவை மட்டும் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கினோம். இன்று லத்தீன் அமெரிக்காவில் குழந்தையையும் பாட்டையும் பூவையும் கொஞ்சச் சொல்லும் இந்த இனிய சொல், சட்டப்படி செல்லுபடியாகக்கூடியது என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஸ்பானியத்தில் ‘லிந்தோ கிறிஸ்தவர்’ என்றால் அழகிய கிறிஸ்தவர் என்று பொருளில்லை. யூத, முஸ்லிம் மூதாதையர் கலவாத, பிறப்பால் தூய கிறிஸ்தவர் என்று பொருள். 1449இல் தொலேதோ நகரில், மதம் மாறிய யூத வம்சத்தாரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கிய சட்டத்தோடு இந்த இரத்தத் தூய்மை ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. தூய பிறப்பைக் குறித்த சொல் மெல்ல அழகைக் குறிக்கும் சொல்லாயிற்று. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், பிரம்பறுப்பவர் வீட்டில் வளர்ந்த திருமழிசையாழ்வார் அவ்வழியே வந்ததும் ஓதுவதை நிறுத்தினார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, லிந்தோவின் வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றவில்லை.

இனி நாம் வர வேண்டிய இடம் கொழும்பு. ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞர் ஒருவர், அழகைச் சொல்லும் அடைமொழியை ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சூட்டிய வரலாறு அங்கேதான் நிகழ்ந்தது. சிலே நாட்டின் தூதரக அலுவலராக 1927இல் ரங்கூனுக்கு வந்த பாப்லோ நெரூதா, பிறகு கொழும்புக்கு மாற்றப்பட்டு 1929இலும் 1930இலும் வெள்ளவத்தையில் கடலோர பங்களா ஒன்றில் வசித்தார். 1973இல் அவர் இறந்தபின், 1974இல் அவருடைய நினைவுக் குறிப்பு நூல் வெளிவந்தது. அதில் கொழும்பு நாட்களைச் சொல்லும் பகுதியில், ஒரு விடியலில், கழிப்பறை வாளியை அகற்ற வந்த பெண்ணைக் கண்டதை அவர் எழுதுகிறார். இலங்கையில் அதுவரை தாம் கண்ட பெண்களிலெல்லாம் அழகானவள் என்கிறார். தேர்ந்த சொல் ‘பெய்யா’. நடந்து செல்லும் கருஞ்சிலை என்கிறார், தெய்வம் என்கிறார். பழங்களும் பட்டும் வைத்துப் பார்த்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் அவள் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துச் சென்றார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. நடந்தது வன்புணர்வு. அதை எழுதும்போதும் அவர் தென்னிந்தியாவின் ஆயிரம் ஆண்டுப் பழைய சிற்பங்களை உவமைக்கு அழைக்கிறார். அவள் கண்களை மூடாமல் அசைவற்றுக் கிடந்தாள் என்றும், தம்மை அவள் இகழ்ந்தது சரிதான் என்றும் எழுதி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

நம்முள் பலர் நெரூதாவின் காதல் கவிதைகளைச் சிற்றிதழ்களில் படித்து, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அந்த நூலையும் படித்தவர்கள். இந்தப் பக்கத்தைக் கடந்தபோது அதிலே நின்றவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018இல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் யோசனை சிலே நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, இந்தப் பக்கத்தைக் காட்டியே பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள், பெயர் மாறவில்லை. 2021இல் சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம ‘அல்பொராதா’ என்ற படத்தை இதை வைத்தே எடுத்தார். அவள் மொழி பேசும் நாம், உலகம் பேசிய பிறகுதான் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தோம்.

மறுபடி படிக்கும்போது கண்ணில் படுவது சொற்களின் சேர்க்கை. அவளை அறிமுகப்படுத்தும் அதே இடத்தில் ‘பெய்யா’வோடு வேறு இரண்டு சொற்களும் நிற்கின்றன: காஸ்தா, பாரியா. காஸ்தா ஐபீரிய மொழிகளின் சொல். குலத்தையும் தூய்மையையும் குறித்த அதைப் போர்த்துக்கேயர் இங்கு கொண்டுவந்து நம் சாதிக்குப் பெயராக்கினார்கள். உலகம் இன்று நம் சாதியை அந்த வேரிலிருந்து வந்த சொல்லாலேயே அறிகிறது. பாரியாவோ தமிழின் சொல். பறையர் என்ற பெயரைப் போர்த்துக்கேயர் எடுத்துச் செல்ல, ஐரோப்பிய மொழிகளில் அது சமூகத்திலிருந்து தள்ளப்பட்டவர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று. அங்கிருந்து வந்த சொல் ஒன்று, இங்கிருந்து போன சொல் ஒன்று, நடுவே அழகுக்கான அடைமொழி ஒன்று. சொன்னவரும் அதிகாரம் உடையவரும் அங்கே ஒரே ஆள். காஞ்சி அரசனுக்கு நாக்கைக் கணிகண்ணனிடம் கேட்க வேண்டியிருந்தது. மறுக்க ஒருவன் இருந்தான். வெள்ளவத்தையில் மறுக்க இடமிருந்த ஒரே ஆள் அந்தப் பெண். அவள் மறுத்ததை, பழத்தையும் பட்டையும் தொடாமல் போனதை, அவரே எழுதியிருக்கிறார். எழுதியும் அதை மறுப்பாக அவர் எண்ணவில்லை.

இந்தப் பக்கத்தைத் தமிழில் தர நேர்ந்தால் என்ன செய்வது? நம்மிடையே நீண்ட நேரம் பேசிப் பார்த்தோம். முதலில் தோன்றியது, தமிழின் சொற்பெட்டியைத் திறந்துவிடலாம் என்பது. மாமை இருக்கிறது, மாயோள் இருக்கிறது. ‘கருஞ்சிலை’ என்று அந்நியன் சொன்னதற்குப் பதிலாக அவளுக்கு உரிய சொல்லை அவளுக்கே மீட்டுத் தரலாமே என்ற ஆசை. சற்று யோசித்தால் அதில் உள்ள பிழை தெரியும். அந்தப் பத்தியில் பேசுபவர் நெரூதா. எழிலையும் வனப்பையும் மாமையையும் அங்கே வைத்தால் அவை அவளைச் சேரா, பேசுபவரைச் சேரும். அவர் பார்வை நம் சங்கப் பாடல்களின் மணத்தை அணிந்துகொள்ளும். அரசன் கணிகண்ணனிடம் கேட்டதும் அதுதானே.

ஆகவே நாம் வந்து சேர்ந்த முடிவு, அங்கே இருப்பதிலேயே எளிய சொல்லைத்தான் வைக்க வேண்டும் என்பது. ‘அழகான’ என்பதே போதும். தேய்ந்துபோன சொல் என்று தொடக்கத்தில் நாம் குறைபட்டுக்கொண்ட அதே சொல். சிலை என்பதைச் சிற்பம் என்று மெருகேற்றாமல் சிலை என்றே விட வேண்டும். உயிருள்ளவளைக் கல் என்று கண்ட கண்ணின் குறை அதில் தெரியட்டும். பாரியாவைச் சாதிப்பெயராகத் திருப்பி எழுதவும் கூடாது. கொழும்பின் துப்புரவுப் பணிக்குத் தமிழகத்தின் பல ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் மக்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவள் எந்தச் சமூகத்தவள் என்பதை நெரூதா அறிந்து எழுதினார் என்று கொள்ள முகாந்திரம் இல்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவள் என்று விரித்தெழுதினால் வாக்கியம் நீளும், நீளட்டும். ரெமேதியோஸுக்கும் மூழ்கிய மனிதனுக்கும் நம் பெட்டியிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். சரியான அடைமொழி என்பது பொருளுக்குப் பொருந்துவது மட்டுமல்லவே. அதைச் சொல்பவருக்கு நாம் எவ்வளவு இடம் தருகிறோம் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இதைச் சொல்லி நம் முதுகை நாமே தட்டிக்கொள்வதற்கில்லை. காஞ்சிக் கதையைத் திரும்பிப் பார்ப்போம். சீடனுக்குப் பெயர் இருக்கிறது. பெருமாளுக்குப் பெயர் இருக்கிறது. மூவரும் ஓர் இரவு தங்கிய ஊருக்கும் ஓரிருக்கை என்று பெயர் இருக்கிறது. நாள்தோறும் பெருக்கி மெழுகிய அந்த முதியவளுக்குப் பெயர் இல்லை. தொண்டைத் தொடர்வதற்காக இளமை கேட்டவள் அரண்மனைக்குப் போன பின், அவள் கேட்ட அந்தத் தொண்டு என்னாயிற்று என்பதையும் கதை சொல்வதில்லை. வெள்ளவத்தைப் பெண்ணுக்கும் பெயர் இல்லை. இருவர் செய்ததும் துப்புரவு வேலை. இருவருக்கும் கிடைத்தது ஓர் அடைமொழி. அடைமொழி வந்து நின்ற இடம், பெயர் நின்றிருக்க வேண்டிய இடம்.

திருவெஃகாவில் பெருமாள் இன்றும் வழக்கத்துக்கு மாறாகத் திசை மாற்றிப் பள்ளிகொண்டிருக்கிறார். போய்த் திரும்பி வந்ததன் அடையாளம் அது என்பார்கள். எங்கெங்கோ அழகனென்றும் அழகிய மணவாளனென்றும் அழைக்கப்படுகிறவருக்கு அங்கே அழகைக் குறிக்கும் பெயரை மரபு தேர்ந்தெடுக்கவில்லை. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது அவர் பெயர். ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டு எழுந்து நடந்தவர் என்று பொருள். திருமழிசைத் தராசில் வைத்தால் அந்த அடைமொழிதான் தாழும் என்று நமக்குத் தோன்றுகிறது.